செனெபியின் வாத்து வேட்டை

அரண்மனைத் துணிக்கிடங்கின் மேற்பார்வையாளர் செனெபி வாழ்நாளில் விரட்டியதெல்லாம் அந்துப்பூச்சிகளைத்தான். ஆனாலும் மேற்கு மலையில் தனக்காகக் குடைந்துகொண்டிருந்த கல்லறையில் வேட்டைச் சிற்பம் வேண்டுமென்று பிடிவாதமாக நின்றார். பக்கத்துக் கல்லறைச் சுவரில் தானிய அதிகாரி அமெனி இரண்டு சிங்கங்கள்மேல் அம்பு விட்டுக்கொண்டிருந்ததுதான் காரணம்.

"அவர் சிங்கத்தோட வாலைக்கூடப் பாத்ததில்லயே" என்றாள் மனைவி தேகெத்.

"அதான் சொல்றேன். செத்தப்புறம் சாமிங்க நம்ம நெஞ்சைத் தராசுல வச்சு நிறுப்பாங்க. பொய் இருந்தா மாட்டிக்குவோம். நான் ஒரு வாத்தாவது நெசமா அடிச்சிடறேன்."

தேகெத்தும், பார்த்துச் செதுக்குவதற்காகச் சிற்பி ஹேபியும் கூடவே வந்தார்கள். நாணல் காட்டுக்குள் படகு நுழைந்தது. செனெபி புதுச் சலவை வேட்டியும் கழுத்தணியுமாக எழுந்து நின்று, வளைதடியைச் சுழற்றி வீசினார். தடி ஒரு பக்கம் போனது, அவர் மறுபக்கம் போனார். தலை சேற்றுக்குள் புதைந்தது. தேகெத் பாய்ந்து ஒரு காலைப் பிடித்துக்கொண்டாள். சற்றுத் தள்ளி ஒரு நீர்யானை மூச்சுவிடும் சத்தம் கேட்டதும், எங்கிருந்துதான் அந்தப் பலம் வந்ததோ, ஒரே இழுப்பில் அவரைப் படகில் போட்டாள். வாத்துகள் நிதானமாகப் பறந்து போயின.

சிற்பம் முடிந்ததும் போய்ப் பார்த்தார்கள். சுவர் உயரத்துக்குச் செனெபி. கை நிறைய வாத்துகள். கீழே, அவர் முழங்கால் உயரத்தில், காலைக் கட்டிக்கொண்டு தேகெத்.

"வாத்து ஏதுப்பா?" என்றாள்.

"அது ஐயா ஆசைப்பட்டதும்மா. கால் நீங்க புடிச்சது. பாதி உண்மை இருக்குல்ல?" என்றான் ஹேபி, உளியைத் துடைத்தபடி.

செனெபி அதைக் காதில் வாங்கவில்லை. வாத்துகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

திருவிழாவுக்கு மலையேறி வந்த அமெனியின் மனைவி, அந்தச் சிற்பத்தின் முன் கண்கலங்கிப் போனாள்.

"புருஷன்மேல என்ன பாசம் அக்கா. எங்க கல்லறையிலயும் என்னை இப்படியே செதுக்கச் சொல்லப்போறேன்."

"சொல்லு, சொல்லு" என்றாள் தேகெத். "ஆனா அதுக்கு முன்னாடி கையை நல்லாப் பழக்கிக்க. கனம் ஜாஸ்தி."