கடைவாய்ப் பல் தெரியாத மானிட்டர்

இருபத்தாறு வருஷமாகப் பேருந்து ஓட்டுகிறவர் கார்ப் பந்தய விளையாட்டில் தோற்கலாமா? தோற்றார். அதுவும் சைக்கிளைக்கூட நேராக ஓட்டத் தெரியாத மச்சினியிடம். ஒன்றிரண்டு தடவை இல்லை, இரண்டு வருஷமாக, வாராவாரம், மழை வெயில் பார்க்காமல் தோற்றார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் போட்டி. மச்சினி தன் லேப்டாப்பில், ஓட்டுநர் பக்கத்து மேசையில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரில். தோற்றவர் அந்த வாரம் முழுக்க வீட்டுப் பாத்திரம் கழுவ வேண்டும். வீட்டில் ஏழு பேர்தான். தொட்டியில் விழும் பாத்திரத்தைப் பார்த்தால் ஏதோ படையெடுத்துப் போகிறவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போன மாதிரி இருக்கும். அதில் ஒரு குண்டான் உண்டு. அதைத் தேய்க்க உள்ளே இறங்க வேண்டும். தேய்த்து முடித்து வெளியே வர ஏணி வேண்டும்.

எட்டு மணி நேரம் கிளட்சை மிதித்த இடது முழங்கால், வீட்டு வாசலைக் கண்டதுமே "உட்காரேன், உட்காரேன்" என்று கெஞ்சும். எங்கே உட்கார? தொட்டி முன்னால் இன்னும் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். ஓட்டுநருக்குக் கோப்பை வேண்டாம், பேர் புகழ் வேண்டாம். ஒரே ஒரு வாரம், வேலை முடிந்து வந்து, ஒரு மணி நேரம் சும்மா உட்கார வேண்டும். அவ்வளவுதான் அவருடைய பேராசை.

தோற்றதற்கெல்லாம் அவரிடம் ஒரே காரணம்தான் இருந்தது.

"மானிட்டர் சரியில்ல. வண்டி திரும்புனா ரோடே இழுவுது."

சும்மா சொல்லக்கூடாது, உண்மைதான். அது மச்சினி வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பார்க்க வைத்திருந்த மானிட்டர். வேண்டாம் என்று கழித்துக்கட்டியதை அவள்தான் தூக்கி வந்து கொடுத்தாள். கொஞ்சம் உற்றுப் பார்த்தால் பந்தயச் சாலைக்கு நடுவில், திரையிலேயே படிந்துபோன யாருடைய கடைவாய்ப் பல்லோ மங்கலாகத் தெரியும். அதைச் சுற்றிக்கொண்டு போவதற்குள் மச்சினி எல்லைக்கோட்டைத் தாண்டிவிடுவாள்.

காரணம் கேட்டுக் கேட்டு ஓட்டுநரின் மனைவிக்குக் காது புளித்துவிட்டது.

"சரி, புது மானிட்டர் வாங்கிக்குங்க. ஆனா அதுலயும் தோத்தீங்க, இனிமே போட்டியே கிடையாது. பாத்திரத்தை உங்க பேர்லயே பட்டா போட்டுடுவேன்."

"ஆயுசுக்கா?"

"குண்டானும் சேர்த்து."

சனிக்கிழமை வேலை முடிந்து, காக்கிச் சட்டையோடே ஓட்டுநர் மனைவியையும் மச்சினியையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார். சுவர் முழுக்க மானிட்டர்கள். அத்தனையிலும் ஒரே பச்சைக்கிளி ஒரே நேரத்தில் தலையைச் சாய்த்தது. காலையிலிருந்து நின்றே களைத்துப்போன விற்பனைப் பெண், மேசைக்குப் பின்னால் செருப்பைக் கழற்றி ஒரு பாதத்தின் மேல் இன்னொரு பாதத்தை வைத்திருந்தாள். அதைப் பார்த்ததுமே ஓட்டுநருக்கு அவள்மேல் சொந்தம் மாதிரி ஒரு பாசம் வந்துவிட்டது.

"கேம் ஆடவா சார்? இத பாருங்க, வளைஞ்ச ஸ்கிரீன். பின்னாடி கலர் கலரா லைட் எரியும்."

ஓட்டுநர் அதன் முன்னால் நின்றார். அகலமாக, வளைவாக, மூக்குக்கு முன்னால் விரிந்து கிடந்தது.

"வேணாம்மா. இது என் பஸ் கண்ணாடி மாதிரியே இருக்கு. இது முன்னாடி உக்காந்தா எனக்கு யாராவது சம்பளம் தரணும்."

"பின்னாடி எரியற லைட்ட எப்படிப் பாக்கறது?" என்றாள் மனைவி. "எந்திரிச்சுப் போயா?"

விற்பனைப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குரலைத் தாழ்த்தினாள். "உண்மையச் சொல்றேன் சார். இருபத்தி நாலு இஞ்ச் போதும். நூத்தி நாப்பத்தி நாலு ஹெர்ட்ஸான்னு மட்டும் பாருங்க. அப்படின்னா ஒரு செகண்டுக்குப் படம் அத்தனை தடவை மாறும். உங்க பழசு அறுபதா இருக்கும், அதான் இழுவுது. அந்த மூலைல ஒண்ணு இருக்கு, ஸ்டாண்டு சுமார்தான், ஸ்பீக்கர் கிடையாது. விலையும் பாதி."

"ஓடுற படம் போடும்மா. ரோட்டோரம் எனக்குத் தெரியணும்."

அவள் ஒரு பந்தய விளையாட்டை ஓடவிட்டாள். ஓட்டுநர் கழுத்தை நீட்டினார். சாலையோரக் கடைகள் சரசரவென்று பின்னால் போயின.

"போர்டு படிக்க முடியுது! வாசல்ல நிக்கறவன் மீசைகூடத் தெரியுது!"

"ரேஸ் ஓட்டறவருக்கு மீச எதுக்கு மாமா?" என்றாள் மச்சினி.

"உனக்கென்ன தெரியும், டிரைவருக்கு ஓரம்தான் உசுரு. இதையே கட்டிக் குடும்மா."

"வீட்டுக்குப் போனதும் செட்டிங்ல நூத்தி நாப்பத்தி நாலுன்னு மாத்திடுங்க சார். மறந்தீங்கன்னா பழையபடி அறுபதுலயேதான் ஓடும்."

மறப்பாரா? மாற்றிவிட்டு, மாறிவிட்டதா என்று பதினேழு தடவை பார்த்தார்.

ஞாயிறு மதியம். மூன்று சுற்றுப் போட்டி. மனைவி நடுவர், கையில் விசிலுக்குப் பதில் கரண்டி. முதல் சுற்றிலேயே வீட்டுக்கு விஷயம் புரிந்துபோயிற்று. சாலை இழுபடவில்லை. நடுவில் கடைவாய்ப் பல் இல்லை. வளைவில் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி ஓட்டுநரின் கார் திரும்பியது. இரண்டாவது சுற்றில் மச்சினியைத் தாண்டினார். மூன்றாவது சுற்றில் அவள் கார் அவருடைய கண்ணாடியில் ஒரு கடுகாகிவிட்டது. முழங்கால் அப்போதே ஒரு வார ஓய்வுக்குக் காலை நீட்டிக்கொண்டது.

கடைசி வளைவு. சாலையோரம் வேடிக்கை பார்க்கும் கூட்டம். பழைய மானிட்டரில் அது வெறும் சாம்பல் தீற்றல். இத்தனை நாள் அவர் அதை வேலி என்று நினைத்திருந்தார். இப்போது ஒவ்வொரு முகமும் துல்லியமாகத் தெரிந்தது. மஞ்சள் சட்டைக்காரன் ஒருவன் கூட்டத்திலிருந்து கையை உயரத் தூக்கி ஆட்டினான்.

ஓட்டுநரின் இடது கால் மேசைக்கு அடியில் இல்லாத கிளட்சை மிதித்தது. விரல் பிரேக்கை அமுக்கியது. பந்தயக் கார் பதவிசாக இடதுபக்கம் ஒதுங்கி, மஞ்சள் சட்டைக்காரனுக்கு நேராக, ஒரு சாண் பிசகாமல் நின்றது.

மச்சினியின் கார் சர்ரென்று கடந்து போய் எல்லைக்கோட்டைத் தொட்டது.

"ஏன் மாமா நின்னீங்க?"

"கை காட்டினான்."

"யாரு?"

"மஞ்ச சட்ட."

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏறிட்டானா?"

மச்சினி சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஓட்டுநர் எழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, தொட்டிப் பக்கம் போனார். குண்டான் அவருக்காகக் காத்திருந்தது. இனி சொல்லக் காரணமும் இல்லை. மானிட்டர் நல்ல மானிட்டர்.

திங்கள் காலை. நிறுத்தத்தை விட்டுப் பேருந்து கிளம்பி ஐம்பது அடி வந்திருக்கும். பக்கக் கண்ணாடியில், அறுந்த செருப்பைக் கையில் பிடித்தபடி ஒருத்தி ஓடிவந்தாள். மறு கையை உயரத் தூக்கியிருந்தாள். மச்சினி.

அடுத்த வண்டி முக்கால் மணி நேரம் கழித்துத்தான். நேற்று அவள் சிரித்த சிரிப்பு ஓட்டுநரின் காதில் இன்னும் இருந்தது. நன்றாக ஒரு அழுத்து அழுத்திப் போய்விடலாமா என்றுகூட நினைத்தார். நினைத்து முடிப்பதற்குள் வண்டி நின்றிருந்தது. கையைத் தூக்கியது யார் என்றெல்லாம் கால் விசாரிக்கவில்லை.

அவள் ஏறினாள். மூச்சு வாங்க, கம்பியைப் பிடித்துக்கொண்டு அவருக்குப் பின்னால் நின்றாள். இரண்டு நிறுத்தம் தாண்டியது.

"செவ்வாயும் வியாழனும் நான் கழுவறேன், மாமா."

ஓட்டுநர் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வாரத்தில் இரண்டு நாள். இரண்டு மணி நேரம். உட்காரலாம்.

"குண்டானும்?"

"குண்டான் உங்க பேர்ல பட்டா போட்டாச்சுல்ல."