இரண்டாவது வெட்டு

பனமலை ஏரிக்கரை முனீஸ்வரனுக்கு ஆடி மாதம் கிடா வெட்டும் உரிமை தாண்டவராயன் வீட்டுக்குத்தான். நான்கு தலைமுறையாக அப்பனிடமிருந்து மூத்த மகனுக்கு அந்தக் கத்தி கைமாறி வந்தது. முப்பத்தெட்டு வருஷம் வெட்டியதில் அவர் ஒருமுறைகூட கத்தியை இரண்டாம் தரம் ஓங்கியதில்லை. ஒரே வெட்டில் தலை விழ வேண்டும். விழாவிட்டால் சாமி ஏற்கவில்லை என்று காலனியே பயந்து போகும்.

"பாதிரிக்குப் பணியாத வூடுடா இது" என்பார், குடித்திருந்தாலும் குடிக்காவிட்டாலும். வெள்ளைக்காரன் காலத்துப் பஞ்சத்தில் திண்டிவனத்துப் பக்கமிருந்து ஒரு பாதிரி கஞ்சியும் பள்ளிக்கூடமும் கொண்டுவந்தார். காலனியில் பாதிப் பேர் ஞானஸ்நானம் வாங்கினார்கள். தாண்டவராயனின் கொள்ளுப்பாட்டனுக்குத் தம்பி ஒருவன், அவனும் வாங்கினான். கொள்ளுப்பாட்டன் கத்தியோடு போய்க் கீற்றுக்கொட்டகை வேதக்கோயிலின் வாசலில் நின்று, "இன்னியிலேர்ந்து எனக்குத் தம்பி இல்ல" என்று சொல்லிவிட்டு வந்தாராம். தம்பியின் வாரிசுகள் எழுதப் படிக்கக் கற்று வாத்தியார்களாகவும் நர்சுகளாகவும் ஊரைவிட்டுப் போனார்கள். தாண்டவராயன் கரும்பு வெட்டப் போனார். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அதைப் பற்றி மட்டும் அவர் பேசுவதில்லை.

அவருக்கு ஒரே மகன் தேவா. பதினைந்து வயதில் கிடாவின் பின்னங்கால்களைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி அவனை முன்னால் இழுத்துவிட்டார். பிடித்தான். அதன் உடம்பு நடுங்குவது அவன் உள்ளங்கையில் தெரிந்தது. விட்டுவிட்டான். கிடா கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஏரிப்பக்கம் ஓடியது. அத்தனை பேர் முன்னாலும் கன்னத்தில் அறை விழுந்தது.

"ஆம்பிளைப் புள்ளை பெத்தேன்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றார் அப்பா.

பள்ளி முடித்து அவன் நர்சிங் படித்தான். நோயாளிக்கு மூத்திரம் அள்ளுவது ஆம்பிளை வேலையா என்று கேட்டு, ஒரு வருஷம் அப்பா அவனோடு பேசவில்லை. பயிற்சிக்குப் போன மிஷன் ஆஸ்பத்திரியில், உடம்பெல்லாம் புண்ணாகிக் கிடந்த ஒரு லாரி டிரைவரை வயதான நர்ஸ் ஒருத்தி தினமும் துடைத்துவிடுவாள். அந்த ஆள் அவளைக் கெட்ட வார்த்தையில் திட்டுவான். அவள் மெல்லிய குரலில் ஜெபம் சொல்லிக்கொண்டே துடைப்பாள். தேவா அதை நாற்பது நாள் பார்த்தான். இருபத்தொரு வயதில் ஞானஸ்நானம் வாங்கி தேவசகாயம் ஆனான்.

அப்பாவுக்குச் சொல்ல வேறு வார்த்தை தேவைப்படவில்லை. "எனக்குப் புள்ளை இல்ல" என்றார். பதினாறு வருஷம் அப்படியே போயிற்று.

போன பங்குனியில் தாண்டவராயன் கரும்புத் தோட்டத்தில் சுருண்டு விழுந்தார். விழுப்புரத்தில் பதினெட்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். வலது கையும் காலும் வரவில்லை. அம்மா முனியம்மாள் போன் செய்தாள். தேவா வாரா வாரம் சனிக்கிழமை, தான் வேலை பார்த்த திண்டிவனத்திலிருந்து பஸ் ஏறி வந்தான். அவனைப் பார்த்ததும் அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். தொட விடமாட்டார். இடுப்புவலியோடு அம்மாதான் அவரைப் புரட்டிக் கழுவினாள்.

ஆடி வந்தது. பங்காளி நெடுஞ்செழியன் கட்டிலருகே வந்து உட்கார்ந்தார்.

"அண்ணே, இந்த வருஷம் நான் வெட்றேன். நீ பக்கத்துல இருந்து பாரு."

"எனக்கு இன்னொரு கை கீது" என்றார் தாண்டவராயன், குழறலோடு.

கிடா வெட்டு நடந்த ஞாயிற்றுக்கிழமை தேவா திண்டிவனத்தில் ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது அம்மாவின் நம்பரிலிருந்து ஒன்பது தரம் போன் வந்திருந்தது. "கெளம்பிட்டாருடா. சொன்னா கேக்கல. ஜல்தி வா" என்று அழுதாள். அவன் போய்ச் சேர்ந்தபோது நாற்காலியோடு தூக்கிவந்து அப்பாவைச் சாமிக்கு முன்னால் நிறுத்தியிருந்தார்கள். இரண்டு பேர் அவரைத் தாங்கிப் பிடித்திருந்தார்கள். தேவா கூட்டத்துக்கு வெளியே தள்ளியே நின்றான்.

கிடாவின் மேல் தண்ணீர் தெளித்தார்கள். அது உடம்பைச் சிலிர்த்துக்கொண்டது, சாமி உத்தரவு கிடைத்துவிட்டது. தாண்டவராயன் இடது கையால் கத்தியை ஓங்கினார்.

கத்தி கழுத்தில் விழவில்லை. தோள்பட்டையில் இறங்கியது. கிடா கத்திய கத்தலில் மேளம் நின்றுபோயிற்று. பிடித்திருந்தவர்கள் கைவிட்டார்கள். அது ஒரு பக்கமாகச் சாய்ந்து, மூன்று காலில் வட்டம் சுற்றியது. தாண்டவராயன் குப்புற விழுந்தார். கத்தி அவருக்கு எட்டாத தூரத்தில் கிடந்தது.

யாரும் நகரவில்லை. முதல் வெட்டு வெட்டியவன் வீட்டு ரத்தம் தவிர வேறு யார் இரண்டாவது வெட்டு வெட்டினாலும் குடும்பம் விளங்காது என்பது நம்பிக்கை. நெடுஞ்செழியன் ஒரு அடி எடுத்துவைத்து, தன் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்துவிட்டு நின்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள். தாண்டவராயன் சேற்றில் இடது முழங்கையை ஊன்றிக் கத்தியை நோக்கித் தவழ்ந்தார்.

தேவா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். கத்தியை எடுத்தான். கிடாவைத் தன் முழங்கால்களுக்கு நடுவில் அணைத்துக்கொண்டு, அதன் காதருகே ஏதோ சொன்னான். விரலால் கழுத்து நரம்பைத் தேடினான். பிறகு வெட்டினான். அதோடு சத்தம் அடங்கியது.

அப்பாவின் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினான். அவர் மறுக்கவில்லை, மறுக்க உடம்பில் தெம்பு இல்லை.

மேளம் மறுபடி எழும்பியது. "வூட்டு மவன் வந்துட்டாண்டா!" என்று கூச்சல். நெடுஞ்செழியன் மாலையை எடுத்துக்கொண்டு தேவாவிடம் வந்தார்.

"போடாத" என்றார் தாண்டவராயன்.

"அவன் சாமிக்கு வெட்டல. ஆட்டுக்குப் பாவம் பார்த்து வெட்டினான். முனி அதை எடுத்துக்காது. இனிமே கத்தி உனுக்குத்தான், நெடுஞ்செழியா."

எல்லோரும் தேவாவைப் பார்த்தார்கள். "அப்பா சொல்றது நெசம்தான்" என்றான். அவர் தன்னை அவமானப்படுத்தினாரா, விடுவித்தாரா என்பது அவனுக்கு அன்றும் தெரியவில்லை, பிறகும் தெரியவில்லை.

யாரோ போனில் எடுத்த வீடியோ பொழுது சாய்வதற்குள் திண்டிவனம் போய்விட்டது. அடுத்த ஞாயிறு சபைக் கமிட்டி கூடியது. போதகர் அன்புச்செல்வன் அவனைவிட வயதில் சின்னவர். தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"நீங்க எதுக்கு வெட்டினீங்கன்னு எனக்குப் புரியுது அண்ணே. ஆனா வீடியோவுல சாமி தெரியுது, கத்தி தெரியுது, நீங்க தெரியறீங்க. மூணு மாசம் திருவிருந்து வேணாம்னு கமிட்டி சொல்லுது."

"அங்க நின்னுருந்தா நீங்க என்ன பண்ணியிருப்பீங்க, ஐயா?"

"தெரியல" என்றார் போதகர்.

தேவா சண்டை போடவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தான். மற்றவர்கள் எழுந்து அப்பத்துக்கும் ரசத்துக்கும் வரிசையில் போகும்போது அவன் மட்டும் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் இருந்தவர்கள் அவன் முழங்காலைத் தாண்டிப் போனார்கள்.

அந்த மாதமே அம்மாவின் இடுப்பு அவளையும் படுக்கவைத்தது. தேவா லீவு போட்டுவிட்டு வந்து வெந்நீர் வைத்தான். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பவில்லை. கண்ணை மட்டும் மூடிக்கொண்டார். வார்டில் யாருக்கும் செய்வதைப்போல, முதலில் முகம், பிறகு கழுத்து, பிறகு உணர்ச்சியற்ற அந்த வலது கையை ஒவ்வொரு விரலாகத் துடைத்தான்.

"மெதுவா" என்றார் அப்பா. பதினாறு வருஷத்தில் அவனிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை.

"வலிக்குதாப்பா?"

"அந்தக் கைல ஒண்ணும் தெரியல. மத்த எடத்துல மெதுவா."

கார்த்திகை முதல் ஞாயிறு. தேவாவைத் திரும்பவும் திருவிருந்தில் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்த நாள். சனிக்கிழமையே அப்பாவுக்கு ஜுரம் ஏறியது. காலையிலும் இறங்கவில்லை. தேவா கிளம்பவில்லை. துணியை நனைத்துப் பிழிந்து நெற்றியில் போட்டுக்கொண்டிருந்தான்.

"இன்னிக்கி ஒன்னைச் சேத்துக்கறாங்கன்னு உங்கம்மா சொன்னா" என்றார் தாண்டவராயன். "போவலியா?"

"உனக்கு நூத்திரண்டு இருக்குதுப்பா."

அவர் கூரையைப் பார்த்தபடி மூச்சு வாங்கினார். பேச வேண்டியதை வாய்க்குள் சேகரிக்க அவருக்கு இப்போதெல்லாம் நேரமாகும்.

"அடுத்த வாரம் போ" என்றார். "என்னைச் சாக்கு சொல்லிக்கினு நிக்காத. போய்ச் சேந்துக்க."

தேவா துணியைத் திருப்பிப் போட்டான். தண்ணீர் அவர் காதோரம் வழிந்தது. அதைத் துடைத்துவிட்டு, "சரிப்பா" என்றான்.