நூற்றுக்கு எழுபத்திரண்டு

அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். அவள் கண்ணைத் தாண்டி ஒரு தப்பு வெளியே போகாது என்பார்கள். பிறவியிலேயே காது கேளாத குழந்தைகளின் எச்சிலைச் சோதித்து, எந்த மரபணு பழுது என்று சொல்வது அவள் வேலை. அதே அளவீட்டைக் கூட்டாளி ஆஸ்பத்திரியில் இன்னொருவர் தனியாகப் படிக்க வேண்டும். இருவரும் ஒத்துப்போனால்தான் முடிவு. தகுதியான குழந்தைக்கு உள்காதில் ஒரே ஒரு ஊசி; நல்ல மரபணு உள்ளே போகும். ஐந்து வயது நிறைவதற்குள் போட்டாக வேண்டும் என்பது விதி.

அந்த விதிக்கு ஒன்பதே நாள் மிச்சமிருந்த ஒரு பையனின் அம்மா, திங்கட்கிழமை காலை இரண்டு பிள்ளைகளோடு வரவேற்பறையில் வந்து உட்கார்ந்தாள். கையில் போன மாதத்துக் கடிதம் நாலாக மடிந்திருந்தது. அந்த மரபணுவின் அப்பா வழி, அம்மா வழி இரண்டு பிரதியும் பழுதாக இருந்தால்தான் ஊசி. உங்கள் மகனுக்கு ஒன்றுதான் பழுது, சேர்க்க இயலாது. கீழே சல்லடையின் கையெழுத்து.

சண்டைக்கு வரவில்லை, புரியும்படி சொன்னால் போதும் என்றாள் அம்மா. சல்லடை பொறுமையாக விளக்கினாள். சின்னவன் முதுகைக் காட்டிக்கொண்டு நாற்காலியின் திருகாணியை நோண்டிக்கொண்டிருந்தான். ஒன்பது வயதுப் பெரியவனுக்கு, மேஜையிலிருந்த காலி எச்சில் குழாயைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"ஆன்ட்டி, இதுல கோடு வரைக்கும் துப்பணும்ல? இவனுக்கு வரவே இல்ல. பாதி என்னோடது."

அம்மா சிரித்தபடி அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். சல்லடை நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

உள்ளே ஓடிப்போய்ப் பழைய அளவீட்டைத் திறந்தாள். பழுதான பிரதியின் பங்கு நூற்றுக்கு எழுபத்திரண்டு. இரண்டு பிரதியும் பழுதென்றால் நூறை ஒட்டி வரும். ஒன்றென்றால் ஐம்பதை ஒட்டி. நடுவில் வந்தால் வேறு யாருடைய எச்சிலோ கலந்திருக்கலாம், புது மாதிரி கேட்க வேண்டும். அன்றைக்கு ஏன் கேட்கவில்லை என்பதும் ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரி டாக்டர், எல்லா மின்னஞ்சலுக்கும் 'அவசரம்' என்று தலைப்பு வைத்தே அவசரம் என்று பெயர் வாங்கியவர், வெள்ளிக்கிழமைக்குள் பட்டியல் வேண்டுமென்று உயிரை எடுத்தார். இயந்திரம் கொஞ்சம் பிசகியிருக்கும் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டு, அதை ஐம்பதோடு சேர்த்துவிட்டாள்.

சரி, அங்கேயும் ஒருவர் படித்திருக்க வேண்டுமே? டாக்டருக்குப் போன் போட்டாள்.

"சல்லடை பார்த்தா சரியாத்தான் இருக்கும்னு கையெழுத்துப் போட்டுட்டேன்மா," என்றார் அவசரம். எத்தனை முறை அப்படிப் போட்டார் என்று கேட்டதற்கு, இன்னொரு அழைப்பு வருகிறது என்று வைத்துவிட்டார்.

அன்றே சின்னவனின் கன்னத்துக்குள் பஞ்சுக்குச்சியை விட்டு அவளே மாதிரி எடுத்தாள். புதன்கிழமை மதியம் எண் வந்தது. தொண்ணூற்றொன்பது.

பட்டியலில் ஓர் இடம் காலியாகத்தான் இருந்தது. ஆராய்ச்சிக்கூடத் தலைவி அவளைத் தனியே கூப்பிட்டாள். புது மாதிரி, புது முடிவு என்று மட்டும் எழுதிச் சேர்த்துவிடலாம். பழையதைக் கிளறினால் அவளும் அவசரமும் கையெழுத்திட்ட நூற்று நாற்பது முடிவுகளையும் மறுபடி படிக்கச் சொல்வார்கள், அதுவரை யாருக்கும் ஊசி கிடையாது என்றாள்.

"இவனுக்கும்தான். அவனுக்காகவாவது வாயை மூடிட்டு இரு."

அதில் நியாயம் இருந்தது. அதுதான் அவளைப் படுத்தியது. மேஜைக்குத் திரும்பி, அதே வெள்ளிக்கிழமைப் பட்டியலை மட்டும் புரட்டினாள். அவள் கையெழுத்துக்கு மேலே ஓர் அறுபத்தெட்டு. இன்னொரு எழுபத்தைந்து. எந்தெந்த வீட்டில் கடிதம் நாலாக மடிந்து கிடக்கிறதோ. இரண்டு மணி நேரத்தில் நடந்ததையெல்லாம் எழுதி, தன் பெயரைப் போட்டு, ஆராய்ச்சிக்கூடம், ஆஸ்பத்திரி இரண்டு இடத்துக்கும் அனுப்பினாள்.

மறுநாளே ஊசி போடும் வேலை முழுதும் நிறுத்தப்பட்டது. நெறிமுறைக் குழு அடுத்த வியாழக்கிழமைதான் கூடும் என்றார்கள். பையனுக்குப் பிறந்தநாள் அதற்கு முந்தின நாள், புதன்கிழமை. வயது வரம்பைத் தளர்த்தச் சொல்லி அவசரம் முதல் முறையாக உருப்படியாக ஒரு மின்னஞ்சல் எழுதினார். ஆனால் யாரும் எந்த உறுதியும் தரவில்லை.

இதையெல்லாம் சொல்ல அவளே அந்த வீட்டுக்குப் போனாள். அம்மா கதவருகே நின்றபடியே கேட்டாள். திட்டுவாள் என்று சல்லடை காத்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"தம்பிக்கு நான்தான் உதவி பண்ணேன்னு பெரியவன் தெருவெல்லாம் சொல்லிட்டுத் திரியறான். இது மட்டும் அவன் காதுக்குப் போக வேண்டாம்."

"தப்பு அவன் எச்சில்ல இல்லைங்க. என் கையெழுத்துல."

"அது எனக்குத் தெரியுது. அவனுக்குத் தெரியாதே."

உள்ளே பெரியவன் காலால் தரையை ஓங்கித் தட்டினான். அதிர்வு பட்டுச் சின்னவன் திரும்பி அண்ணனைப் பார்த்தான்.