பரம்பரை ஒழிந்த சந்தோஷம்

மாதம் பிறந்தால் அப்பாவின் ஏர்மெயில் வந்துவிடும். ‘எனக்குத் தள்ளவில்லை. ஏழு தலைமுறையாக நம் வம்சத்தில் இருக்கும் பெருமாள் கைங்கரியம். ஒரே பிள்ளை நீ. சித்திரைக்குள் வந்து ஏற்றுக்கொள்.’

ஸ்டோர் கீப்பர் உத்தியோகத்தையும் குவைத்தில், ஃபர்வானியாவில் ஏ.சி. வைத்த வீட்டையும் விட்டுவிட்டு, விடியற்காலை நாலு மணிக்குக் கிணற்றடியில் நிற்பதை நினைத்தாலே பத்மநாபன் கடிதத்தை மடித்து உள்ளே வைத்துவிடுவான். மாட்டேன் என்று எழுதவும் தைரியம் இல்லை. அப்பா உடைந்துபோய்விடுவார்.

எழுபத்திரண்டாம் வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை, கீழ் ரூம் வெல்டர் கார்மேகம் ஒரு வாரப் பழைய தமிழ்ப் பேப்பரோடு மாடியேறி வந்தான்.

“சார், சேதி தெரியுமா? அர்ச்சகர் வேலைக்கு இனிமே வாரிசு கிடையாதாம். நம்ம கவர்மெண்டு போட்ட சட்டம் செல்லும்னு டில்லி கோர்ட்டே சொல்லிருச்சு. அப்பன் பார்த்த வேலைன்னு மகன் போயி உட்கார முடியாது. கலாஸ்!”

பத்மநாபன் இரண்டு தடவை படித்தான். பிறகு கார்மேகத்தைக் கட்டிக்கொண்டான். சாயங்காலம் எல்லா ரூமுக்கும் கேசரி போயிற்று. கோயில் உரிமை பறிபோனதற்கு இனிப்பு வழங்கிய பட்டர் வீட்டுப் பிள்ளை உலகத்தில் அவன் ஒருத்தனாகத்தான் இருப்பான்.

கையோடு அப்பாவுக்கும் எழுதினான்: ‘ராஜினாமாவே எழுதி வைத்திருந்தேன். சட்டம் போட்டு என் வாயில் மண்ணைப் போட்டுவிட்டார்களே!’ எழுத்தின் மேல் இரண்டு சொட்டுக் குழாய்த் தண்ணீரும் தெளித்தான்.

“ஏன்னா, இதெல்லாம் பெருமாளுக்கே அடுக்குமா?” என்றாள் மனைவி ஷியாமளா.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. பிரித்தான்.

‘சிரஞ்சீவி பத்மநாபனுக்கு. நீ அழுதிருப்பதைப் பார்த்து மனசு கேட்கவில்லை. நிஜத்தைச் சொல்லிவிடுகிறேன். பதினெட்டு வயதில் எனக்கு ரயில்வேயில் வேலை கிடைத்தது. வாரிசு நீதானே என்று உன் தாத்தா ஆர்டரைக் கிழித்துப் போட்டார். அதே பாட்டைத்தான் நானும் உன்னிடம் பாடிக்கொண்டிருந்தேன். இப்போது ஆகமம் படித்த பக்கத்து ஊர்ப் பிள்ளை ஆசையோடு கேட்டு வந்திருக்கிறான். சாவியைக் கோயில் கமிட்டியிடம் கொடுத்துவிட்டேன். நேற்று ஏழு மணி வரை தூங்கினேன். நீ வருத்தப்படாதே. எனக்கு ஒரு விசா கிடைக்குமா? விமானத்தில் ஏறிப் பார்க்க ஆசையாயிருக்கிறது.’

பத்மநாபனுக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. அது பாதியிலேயே அழுகையாகிவிட்டது. நாற்பத்தைந்து வருஷமாக அந்த மனுஷரிடம் உமக்குப் பிடித்திருக்கிறதா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அவனும் கேட்டதில்லை.

“அப்பாவுக்கு எந்த ரூம் குடுக்கலாம்?” என்றான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

“ஏ.சி. ரூம்தான்,” என்றாள் ஷியாமளா. “கார்த்தால யாரும் அவரை எழுப்பப்படாது.”