சாலைக்கடை ஜெர்மன்

மூன்று பேரில் ஒருவருக்குத்தான் இடம். கிடைத்தால் ஒரு செமஸ்டர் ஜெர்மனியில் போய்ப் படிக்கலாம். சாலைக் கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் பகவதிப்பெருமாள், மகள் கௌசல்யாவுக்காகக் கல்லூரி வராந்தாவில் வந்து உட்கார்ந்திருந்தார். பெற்றோர் கையெழுத்து அன்றைக்கே வேண்டுமாம். பி.ஏ. வரலாறு படிக்கிற பெண்ணுக்கு ஜெர்மன் எதற்கு என்று குடைந்த சொந்தக்காரர்களை, 'பாடத்திலேயே உண்டு' என்று சொல்லிச் சமாளித்துவந்தவர் அவர். உண்மையில் எதற்கென்று அவருக்கும் தெரியாது.

வாய்மொழித் தேர்வு நடந்த அறையின் கதவு திறந்தே கிடந்தது. தேர்வுக்கான நடிப்பில் கௌசல்யா கடைக்காரி; ஆசிரியை சாமான் வாங்க வந்தவர். மகள் கடகடவென்று பேசியதில் ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் கையைக் காட்டி, முகம் கொடுத்து, வந்தவரை நகரவிடாமல் பேசுகிற அந்தத் தோரணை தன்னுடையதுதான் என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. மனுஷருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

வெளியே வந்தவளின் முகமோ தொங்கிக் கிடந்தது.

"காப்பித்தூள் இல்லைன்னு சொல்லணும்னு கார்டுல எழுதியிருந்ததுப்பா. எனக்கு வாயில வரல. நாளைக்கு வந்திரும், இப்போ நல்ல தேயிலை இருக்குன்னு என்னென்னமோ சொல்லிட்டேன்."

அவருக்குப் பகீரென்றது. சரக்குத் தீர்ந்தாலும் கடையில் நின்று 'இல்லை' என்று சொல்லக் கூடாது, கடைக்கு ஆகாது. சின்ன வயதில் அப்படிச் சொன்னவளை எத்தனை தடவை அதட்டியிருப்பார்! பிள்ளைக்கு வந்த வாய்ப்பைத் தானே கெடுத்துவிட்டோமே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

ஆசிரியை இருவரையும் உள்ளே அழைத்தார். அந்தச் சொல்லுக்கான இரண்டு மார்க் போனது போனதுதான் என்றார், ஊர்ப் பாஷையான மலையாளத்தில். மற்ற இருவரும் பாடப்புத்தகத்தை ஒப்பித்து நின்றுவிட்டார்களாம். இவளிடம் ஏன் 'இல்லை' என்று சொல்லவில்லை எனக் கேட்டதற்கு, அப்பாவின் கடையையும் அதன் வழக்கத்தையும் ஐந்து நிமிடம் ஜெர்மனில் விளக்கினாளாம். அது எந்தப் பாடத்திலும் கிடையாது. நம் ஆட்களைப் பற்றி அடுத்தவர்களுக்கு அவர்கள் பாஷையில் சொல்லத் தெரிவதற்குத்தானே இந்தப் படிப்பு என்று சொல்லி, படிவத்தைப் பெருமாள் பக்கம் நகர்த்தினார். இடம் கௌசல்யாவுக்குத்தான்.

கையெழுத்துப் போடும்போது பெருமாளுக்குக் கண் கலங்கி, கோடு எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. பத்தாம் வகுப்பில் இங்கிலீஷில் தோற்றுக் கடைக்கு வந்தவர் அவர்.

சாயங்காலம் பக்கத்து இரும்புக்கடை ஞானையன் விஷயத்தைக் கேட்டு, காலேஜில் ஜெர்மன் நன்றாகத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள் போல என்றார்.

"காலேஜிலயா?" பெருமாள் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பாதி நான் சொல்லிக் குடுத்ததாக்கும்."