கொத்தமல்லித் தொட்டியில் யாரோ கைவைக்கிறார்கள்

பிடியாக அறுத்துக்கொண்டு போயிருந்தால்கூட ஆறியிருப்பேன். கொத்தமல்லியில் ஓரிலை, புதினாவில் ஓரிலை, தினம் காலையில் நகத்தால் கிள்ளிய தடம். சமையலுக்குத் திருடுகிறவர் ஓரிலையா பறிப்பார்? அதுதான் என் மண்டையைக் குடைந்தது.

முதலில் மாடிவீட்டுத் தையல்காரியைத்தான் பிடித்தேன்.

"உங்க தழைய நான் எதுக்குக்கா தொடப்போறேன்? கேட்டா குடுக்கமாட்டீங்களா?"

பேச்சில் தேன் ஒழுகியது. நம்புகிற ஆளா நான்? அவளிடமே நூல் வாங்கி, அவள் இறங்கிவரும் படிக்குக் குறுக்கே கட்டினேன். காலையில் நூல் அப்படியே இருந்தது, இலையைக் காணோம்.

அப்படியென்றால் கை வீட்டுக்குள்ளேதான். வீட்டில் இருப்பது நானும் அவரும்.

அவர் ஹோட்டலில் சமையல்காரர். வாயில் வைக்காமல், வாசனையிலேயே பக்குவம் சொல்கிற மனுஷர். அந்த மூக்குதான் எங்களுக்குச் சோறு போடுகிறது. போன மாசக் காய்ச்சலுக்குப் பிறகு ஆளே சரியில்லை. பக்கத்தில் பால் தீய்ந்து புகைகிறது, இவர் பேப்பரிலிருந்து தலை தூக்கவில்லை. யார் நினைப்பில் இருக்கிறாரோ? சட்டைப்பையைத் துழாவினால் கசங்கிய இலைகள். எவளுக்குக் கொண்டுபோகிறார்?

மறுநாள் விடிந்ததும் கொல்லைக் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். வந்தார். ஓரிலை கிள்ளி, விரலில் கசக்கி, மூக்கருகே பிடித்துக் கண்ணை மூடினார். பிறகு சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இன்னொரு இலை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"யாருக்குங்க இது?"

திடுக்கிட்டுத் திரும்பினார். "யாருக்குமில்ல. காய்ச்சலுக்கப்புறம் ஒரு வாசனையும் தெரியமாட்டேங்குது. ஹோட்டல்ல தெரிஞ்சா அடுப்புப் பக்கமே விடமாட்டாங்க."

"என்கிட்டகூடச் சொல்லலையே."

"நீ தாங்கமாட்டே. இன்னிக்கு லேசா வர்ற மாதிரி இருக்கு."

"கண்ண மூடுங்க."

ஓரிலையைக் கசக்கி நீட்டினேன். கொல்லையே மணத்தது. நெடுமூச்சாக இழுத்தார்.

"புதினா," என்றார். முகம் மலர்ந்துவிட்டது. "புதினாதானே?"

ஓரிலைக்காகத் தையல்காரியை உண்டு இல்லை என்று ஆக்கியவள் நான். அவர் கண்ணைத் திறப்பதற்குள் கொத்தமல்லியை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டேன்.

"ஆமாங்க," என்றேன்.