வாசல் பதிவேடு

எங்கள் ஊருக்கு ஜெர்மனியில் ஓர் இரட்டை ஊர் இருக்கிறது. பெயர் ஆல்டன்ப்ரூன். சுற்றிலும் மதில், ஒரே ஒரு வாசல். அந்த வாசலில் என்ன சொல்லிவிட்டுக் கிளம்புகிறோமோ அதைப் பதிவேட்டில் எழுதிக்கொள்வார்கள். எழுதியது நடக்கும். அறுநூறு வருஷமாக இதுதான் வழக்கம். புறப்படுவதற்கு முன் இதை யாராவது என்னிடம் சொல்லியிருக்கலாம். ஒருவரும் சொல்லவில்லை.

நான் தணிகாசலம், மேலப்பூங்குளம் நகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவு எழுத்தர். இரட்டை ஊர் ஒப்பந்தத்தில் இருந்ததே ஒரு ஷரத்துதான்: இனி இரண்டு ஊருக்கும் பதிவேடு ஒன்று. பதிவேடு என்ற சொல் வந்ததால் என்னையும் கூட்டிப்போனார்கள். நகர்மன்றத் தலைவர், பொறியாளர், நான், ஆக மூன்று பேர். கையெழுத்து ஆயிற்று, பொன்னாடை ஆயிற்று, மறுநாள் காலை ஊருக்குக் கிளம்பினோம்.

வாசலில் புரோக்மன் என்ற காவலர் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். தலைவர் செல்போனில் யாரையோ திட்டிக்கொண்டே வெளியே போனார். பொறியாளர் வாய் நிறைய ரொட்டி. மரியாதை தெரிந்தவன் நான் ஒருவன்தானே, கை கூப்பி, "அப்ப நான் போயிட்டு வரேன்" என்றேன். மொழிபெயர்க்க வந்திருந்த சிவகௌரி அக்கா அதை ஜெர்மனில் சொன்னார். புரோக்மன் எழுதிக்கொண்டார்.

மூவரும் ஒரே ரயிலில் ஒரே வரிசையில் உட்கார்ந்தோம். தலைவரும் பொறியாளரும் விமான நிலையத்தில் இறங்கினார்கள். நான் ஆல்டன்ப்ரூனில் இறங்கினேன்.

"வந்திட்டீங்களாம்" என்று சிவகௌரி அக்கா மொழிபெயர்த்தார். புரோக்மன் என் பெயருக்கு எதிரே வருகைக் கட்டத்தில் டிக் போட்டார். உள்ளே நுழைகிறவர்கள் எல்லோரும் ஊரின் பாரம்பரியத்தைச் சுற்றிப் பார்த்தாக வேண்டும் என்பது விதி. நேற்றுதான் பார்த்தேன் என்றேன். நேற்று வேறு வருகை என்றார்கள். மறுபடி இரண்டு மணி நேரம் நடந்தேன். குறுக்கும் நெடுக்கும் மரச்சட்டம் வைத்துக் கட்டிய வீடுகள், உப்புக் கிடங்கு, தச்சர் சங்கக் கூடம், கடைசியில் மணிக்கூண்டு. மணிக்கூண்டில் மணி முள் மட்டும் இருந்தது. நிமிட முள் யாரிடமும் சொல்லாமல் போய்விட்டதாம், அதனால் எப்போது வரும் என்று தெரியாதாம்.

மறுநாள் கவனமாக வாசலுக்குப் போனேன். போய் நின்றதும் வாய் தானாக, "வரட்டுங்களா, போயிட்டு வரேன்" என்றது. பழக்கதோஷம். ரயில் என்னை ஆல்டன்ப்ரூனில் இறக்கியது. இரண்டு மணி நேரம் பாரம்பரியம். அதற்கு மறுநாள் பொறியாளர் மாதிரி வாயில் ரொட்டியை அடைத்துக்கொண்டு போனேன். ரொட்டியோடு ஏதோ முனகினேன். சிவகௌரி அக்கா கெட்டிக்காரி, அதையும் சரியாகப் புரிந்துகொண்டு மொழிபெயர்த்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

எட்டு நாளில் எட்டு தடவை அந்த உப்புக் கிடங்கைப் பார்த்தேன். ஆறாவது தடவை வழிகாட்டி ஒரு வருஷத்தைத் தப்பாகச் சொன்னார், நான் திருத்தினேன். நன்றி சொன்னார். நன்றி யாருக்கு வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்கு மேல் பத்தரைக்குள் என் தங்கை பவளத்தின் மகள் நறுமுகைக்குக் காது குத்து. தாய்மாமன் நான். என் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும்.

சாதாரணமாக இருந்தால் ஒரு மன்னிப்புக் கேட்டு வேறு நாள் பார்க்கலாம். பவளத்துக்கும் எனக்கும் ஏழு வருஷமாகப் பேச்சு கிடையாது. அவள் புது வீட்டில் ஒரு புதன்கிழமை காபி கொடுத்தாள். பாதி குடிக்கும்போது ஆபீஸில் கூப்பிட்டார்கள். போயிட்டு வரேன் என்று எழுந்து போனேன், அன்றைக்குத் திரும்பிப் போகவில்லை. அதைக் குத்திக்காட்டி நாலு பேரிடம் பேசினாள். இதைப் போய்ப் பெரிது பண்ணுகிறாளே என்று எனக்கும் வீம்பு, அப்புறமும் போகவில்லை. நறுமுகை பிறந்து மூன்று வருஷம், நான் முகம் பார்த்ததில்லை. இப்போது பவளமாகவே ஃபோன் செய்திருந்தாள். "நீ வந்தாத்தான் காது குத்து. வரலைன்னா இந்த ஜென்மத்துக்கு நமக்குள்ள ஒண்ணும் கிடையாது, சொல்லிட்டேன்."

வியாழக்கிழமை சிவகௌரி அக்காவிடம் சண்டைக்கே போனேன். "அக்கா, நான் என்ன சொன்னாலும் 'போகிறேன்'னு மாத்திச் சொல்லித் தொலைங்களேன்."

"ஏலாது தம்பி. நீங்கள் சொன்னதைத்தான் நான் சொல்லலாம். ஒரு தரம் 'போறன்' எண்டு சொல்லுங்கோ, விட்டுடுவினம்."

"அதை எப்படி வாயால சொல்றது?"

"எனக்கும் அது வாயில வராது" என்றார். தொண்ணூற்றொன்றில் ஒரு நாள் ஊர் பார்க்க வந்தவராம் அவர். சாயங்காலம் வாசலில் "போட்டு வாறன்" என்றாராம். அன்றிலிருந்து தினமும் போய்விட்டு வருகிறார்.

எங்கள் வீட்டில் அப்பா ஒரே ஒரு தடவை வாய் தவறி, "சரி, போறேன்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கக் கிளம்பினார். அம்மா தெருமுனை வரைக்கும் ஓடி, திரும்பக் கூட்டி வந்து, உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, சரியாகச் சொல்ல வைத்து அனுப்பினாள். அந்த வீட்டில் வளர்ந்தவன் நான்.

"வேற வழியே இல்லையா அக்கா?"

"ஒண்டு இருக்கு. முதல் சொன்ன சொல் தீராமல் கிடந்தால் அதுதான் செல்லும், பிறகு சொன்னது எல்லாம் அதுக்குக் கீழதான். நான் ஊரில இருந்து வெளிக்கிடேக்க எங்கட வாசலில நிண்டு 'போட்டு வாறன்' எண்டு சொன்னனான். அதுதான் முதல் சொல். ஆனால் எங்கட ஊர் இவையளுக்கு இரட்டை இல்லை. அங்கத்தைப் பதிவு இவையளுக்குச் செல்லாது. வருஷா வருஷம் மனுக் குடுக்கிறன்."

"ஊர்ல யார் இருக்காங்க?"

"ஒருத்தரும் இல்லை. வீடும் இல்லை. வாசல் மட்டும் நிக்குதாம்."

வெள்ளிக்கிழமை காலை பெட்டியோடு போய் நின்றேன். நாக்கைக் கடித்துக்கொண்டு, "போகிறேன்" என்றேன். சிவகௌரி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு மொழிபெயர்த்தார். புரோக்மன் என் பெயருக்கு எதிரே இருந்த வருகைக் கட்டத்தைப் பேனாவால் நிரப்பி அடைத்தார். ரயில் ஒழுங்காக விமான நிலையத்துக்குப் போனது.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மேலப்பூங்குளம் நுழைவு வளைவில் இறங்கினேன். வளைவுக்குக் கீழே மேஜை போட்டு, எனக்கு உதவியாளராக இருக்கும் ரமணி உட்கார்ந்திருந்தாள்.

"சார், நீங்க போயிட்டீங்கன்னு வெள்ளிக்கிழமையே பதிவாயிடுச்சு. போனவங்க எப்படி சார் உள்ள வர்றது?"

"அடிச்சிட்டு எழுதும்மா."

"பதிவேட்டுல அடித்தல் திருத்தல் கூடாதுன்னு நீங்கதானே சார் சொல்லிக் கொடுத்தீங்க."

சொல்லிக் கொடுத்தேன்தான். இருபத்திரண்டு வருஷமாக ஊரில் ஒருத்தருக்கும் நான் அடித்து எழுதித் தந்ததில்லை. எத்தனை பேர் இந்த மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று என் உயிரை வாங்குவதாக நினைத்திருக்கிறேன். ஒன்பது இருபது. தெருவுக்குள் நாதஸ்வரம் கேட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"ரமணி, பதிவேடு இப்ப ஒண்ணுதானே? பழசைத் தேடு. ஏழு வருஷம் பின்னால போ. புதன்கிழமை."

புரட்டினாள். இருந்தது. பவளம் வீடு, மாலை நாலு பத்து, தணிகாசலம், "போயிட்டு வரேன்". வருகைக் கட்டம் காலி. எழுத்து பவளத்தின் எழுத்து. 'த'வுக்கு வால் கொஞ்சம் நீளமாகப் போடுவாள். அந்த ஒரு கட்டத்துக்காக எத்தனை தடவை அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தாளோ, ஓரமெல்லாம் நைந்து போயிருந்தது.

"இது தீராம இருக்கு சார்" என்றாள் ரமணி. "இதுல போங்க. ஆனா நேரா அங்கதான் போகணும்."

நேராகப் போனேன். கூடம் நிறைய சொந்தக்காரர்கள். ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். மனைப் பலகை காலியாக இருந்தது. பவளம் என்னைப் பார்த்தாள். ஜன்னல் ஓர ஸ்டூலைக் கைகாட்டினாள். நான் பாதி குடித்துவிட்டு வைத்த டம்ளர் அங்கேயே இருந்தது. ஆவி பறந்தது.

"ஆறிடப் போகுது, குடி" என்றாள்.

குடித்தேன். சர்க்கரை சரியாக இருந்தது. அப்புறம் பலகையில் உட்கார்ந்தேன். நறுமுகையைத் தூக்கி என் மடியில் வைத்தார்கள். முதல் காது குத்தும்போது என் கட்டைவிரலைக் கடித்தாள், இரண்டாவதற்கு ஊரே கேட்கிற மாதிரி அழுதாள். பவளமும் அழுதாள். நானும் அழாமல் இருந்துவிடவில்லை.

பந்தி முடிந்து செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். பவளம் கதவோரம் நோட்டும் பேனாவுமாக நின்றிருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். இது நடந்து நாலு மாசம் ஆகிறது. ஆபீஸ் ஃபைலையெல்லாம் ரமணி இங்கேயே கொண்டு வந்து தருகிறாள்.

இங்கே உட்கார்ந்து நான் எழுதிய முதல் ஃபைல் சிவகௌரி அக்கா ஊரைச் சேர்த்துக்கொள்வது பற்றியது. இரட்டையில் மூன்றாவது ஊருக்கு விதியில் இடம் உண்டா என்று தலைவர் கேட்டார். உண்டு என்று குறிப்பு எழுதினேன். நேற்று ஒப்புதல் வந்தது.

இன்று காலை புரோக்மன் ஃபோன் செய்தார். மொழிபெயர்க்க அக்கா இல்லாததால் தமிழிலேயே பேசினார். அக்கா முதல் சொல்லில் ரயில் ஏறிவிட்டாராம், இப்போது கடல் மேல் வந்துகொண்டிருக்கிறாராம். அந்த ஊரில் வருகைக் கட்டத்தில் டிக் போட ஆள் இருக்கிறதா என்று கேட்டார்.

ஆள் இல்லை, வாசல் போட்டுக்கொள்ளும் என்றேன். சரி என்று எழுதிக்கொண்டார்.